பின்னால் நடந்தவள்

சீனிச்சாமிக்குக் காது கேட்காது என்பது எனக்கு மூன்று வருசமாகத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை நேராகவே கேட்டார்கள், அப்போதும் பொய்தான் சொன்னேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பொதிக்குதிரைத் தொழில். போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் கரட்டுப்பட்டி என்று ஒரு ஊர். அங்கிருந்து மேலே எஸ்டேட்டுகளுக்கு அரிசி, உப்பு, சிமெண்டு ஏற்றுவேன். மேலிருந்து காப்பி மூட்டையும் ஏலக்காய் மூட்டையும் இறக்குவேன். மூன்று குதிரை வைத்திருக்கிறேன். நாலு வருசத்துக்கு முன்னால் தேனி பஜார் இரும்புக்கடை ஞானதுரையின் மகள் ஜெபஷீலா எங்கள் ஊருக்கு ஒரு ஜீப்பில் வந்து இறங்கி, "அண்ணாச்சி, மூட்டைக்குப் பதிலா டெண்டு ஏத்துவீங்களா?" என்று கேட்டாள்.

"குதிரைக்கு மூட்டையும் ஒண்ணுதேன், டெண்டும் ஒண்ணுதேன். எதுக்கு டெண்டு?"

"மெட்ராஸ்லயிருந்தும் பெங்களூர்லயிருந்தும் ஆளுக வருவாக. மூணு நாள் காட்டுல நடப்பாக. ராத்திரி தங்குறதுக்கு டெண்டு."

"நடந்து எங்க போறாக?"

"எங்கயும் போகல அண்ணாச்சி. நடக்கத்தான் வாராக."

எனக்கு நம்பிக்கை இல்லை. நடப்பதற்காக ஒருவன் ஐந்நூறு கிலோமீட்டர் காரில் வருகிறான் என்றால் அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதம் ஒவ்வொரு பொதியாக மோந்து பார்த்தேன். போர்வையும் பிஸ்கட்டும்தான் இருந்தது.

வேலை இப்படி. எட்டுப் பேருக்கு மேல் கூட்டிப்போவதில்லை. முதல் நாள் அடிவாரத்திலிருந்து கூழாங்கல் ஓடை வரைக்கும் நடை. அங்கே ராத்திரி. மறுநாள் காலையில் அவர்கள் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்ததும், கூடாரம் அடிக்கிற இரண்டு பேரும் நானும் எல்லாவற்றையும் பிரித்துக் குதிரையில் ஏற்றி, செங்குத்தான குறுக்குப் பாதையில் போய்ப் புல்மேட்டில் மறுபடி அடித்துவிட வேண்டும். நடைக்காரர்கள் சுற்றி வந்து சேரும்போது நேற்றுப் பார்த்த அதே கூடாரம் அங்கே நிற்கும். சில பேர் கை தட்டுவார்கள். மூன்றாம் நாள் எஸ்டேட் ரோட்டில் ஜீப் வந்து ஏற்றிக்கொள்ளும்.

காட்டுக்குள் கூட்டிப்போகிறவர் சீனிச்சாமி. அவர் பொண்டாட்டி ராமுத்தாய் சமையல். இரண்டு பேரும் எனக்கு அடுத்த வீடு. ஒரே மகள் அனுசுயா திருப்பூரில் கட்டிக்கொடுத்து அங்கேயே இருக்கிறாள்.

சீனிச்சாமிக்கு அறுபது ஆகப்போகிறது. ஒல்லி உடம்பு, நீளமான கால். இருபது வருசம் மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காவல் இருந்து வெடி போட்டு யானை விரட்டியவர். வெடியைக் கையில் பற்றவைத்துத் தலைக்கு மேலே தூக்கி எறிவார். யானை போனது. கூடவே காதும் போனது. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில், பக்கத்தில் வந்து கத்தினால் ஏதோ இரைச்சலாக விழும், அவ்வளவுதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் முகம் பார்த்துப் பேசினால் வாயை வைத்தே முக்கால்வாசி பிடித்துக்கொள்வார். அதிலும் ராமுத்தாய் வாய் என்றால் முழுசாக.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் என் வெள்ளைக்குதிரை நொண்டியதால் குறுக்குப் பாதையில் ஏற்ற முடியாமல் நடைக்காரர்கள் பின்னாலேயே மெல்லக் கூட்டி வந்தேன். முன்னால் சீனிச்சாமி. அவருக்குப் பத்தடி பின்னால் ராமுத்தாய், தலையில் மத்தியானச் சோற்றுச் சட்டி. அப்புறம் விருந்தாளிகள். காட்டுக்குள் பேசக் கூடாது என்பது கட்டளை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நடந்தார்கள். திடீரென்று ராமுத்தாய் மடியிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தாள். சட்டி அசையவில்லை. கல்லைச் சுண்டினாள். அது சீனிச்சாமியின் வலது கால் பெருவிரலுக்கு முன்னால் போய் விழுந்தது. அவர் உடனே நின்று, கையை உயர்த்தி, தலையை வலது பக்கம் சாய்த்து உற்றுக் கேட்கிற மாதிரி நின்றார். எட்டுப் பேரும் சிலையாக நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் வலது பக்கச் சரிவில் காட்டுமாடு நாலு எழுந்து போனது.

"வாவ், என்ன காது!" என்று பின்னால் ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

அன்று சாயங்காலம் ஓடையில் ராமுத்தாய் பாத்திரம் விளக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னத்தா, புருசன கல்லால எறியிற?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாம்பலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். "பாத்துட்டீகளா."

"எம்புட்டு நாளா?"

"முத தடவயிலயிருந்தே. எந்தப் பக்கம் சத்தம் கேக்குதோ அந்தப் பக்கம் ஒரு கல்லு. ரெண்டு கல்லு விழுந்தா, திரும்பு. நெருங்கிருச்சுனு அர்த்தம்." சட்டியைக் கவிழ்த்து வைத்து, "சொல்லிருவீகளாண்ணே?" என்றாள்.

"எனக்கு எதுக்கு ஊர் வம்பு?"

"இல்ல, சொல்லணும்னா எங்கிட்டச் சொல்லிட்டுச் சொல்லுங்க. அவுக முகத்த நான் மொதல்ல பாத்துக்கிறேன்."

காதில் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்குள் கொஞ்சம் உதவியதாம். காட்டுக்குள் போனதும் காற்று, இலை, பூச்சி, அவருடைய சொந்தச் சட்டை உரசுவது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மில்லுக்குள் நிற்கிற மாதிரி இரைந்ததாம். கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டார். எனக்கு அந்தக் கருவிக்காரர்கள் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. கண்ணாடிக்காரன் மேலேயும் இல்லை.

மூன்று வருசம் ஓடியது. எட்டுப் பேர் வருவார்கள், போவார்கள். ஒரு கீறல் இல்லை. சீனிச்சாமியைப் பற்றி எங்கெங்கோ எழுதினார்கள். ஜெபஷீலா போனைக் காட்டி வாசிப்பாள்: மரத்துக்குள் ஓடுகிற தண்ணீர்ச் சத்தம்கூட இவருக்குக் கேட்கும் என்று ஒருவன் எழுதியிருந்தான். ராமுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது.

ஜெபஷீலாவைக் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அப்பன் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டு உட்காராமல் இந்தத் தொழிலுக்கு வந்தவள். வனத்துறையில் ஒவ்வொரு தாளுக்கும் நாலு நடை நடப்பாள். ஆனால் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓடுகிற வண்டியில் ஒரு மரையைத் திருகிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

கார்த்திகை மாதம் ஒருநாள் லாயத்துக்கு வந்தாள். குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். சீனியண்ணனுக்குக் காது நல்லாத்தான இருக்கு?"

"ஏன்?"

"போன்ல கூப்பிட்டா எப்பவும் அக்காதான் எடுக்குறாக. வாக்கிடாக்கி குடுத்தேன். பேட்டரி தீந்துருச்சு, பேட்டரி தீந்துருச்சுங்கிறாக. நேத்துப் பின்னாலயிருந்து கூப்பிட்டேன், திரும்பவே இல்ல."

"காட்டாளுக்கு எதுக்குத்தா போனு? அவரு காது என் குதிரக் காதவிடக் கூர்மை."

அவள் நம்பிவிட்டாள். அது அவள் குற்றமில்லை. நான் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு சொன்னேன்.

மார்கழி கடைசியில் அந்தத் திருப்பம் வந்தது. விருந்தாளிகள் மத்தியானச் சோறு ஆறிப்போய் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். ராமுத்தாய் விடியக் கிளறிய புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் அவித்த முட்டையும் சட்டியில் சுமந்து, பாதி வழியில் பாறையில் வைத்துப் பரிமாறுவாள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல சோறு அந்த மலையில் கிடையாது. அவர்களுக்குச் சூடாக வேண்டுமாம்.

ஜெபஷீலா வீட்டுக்கே வந்தாள். நானும் இருந்தேன். அவள் சீனிச்சாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பேசியதால் தப்பித்தது.

"அடுத்த டிரிப்லயிருந்து அக்கா குதிரையோட முன்னாடியே புல்மேட்டுக்குப் போயிரட்டும். அவுக வந்து சேர்றதுக்கும் சோறு இறக்குறதுக்கும் சரியா இருக்கும். மொச்சைக் குழம்பு, ரசம், அப்பளம். என்னக்கா?"

ராமுத்தாய் கையில் இருந்த முறத்தை இறக்கவில்லை. "நான் இவுககூட நடந்தே பழகிட்டேன்த்தா. குறுக்குப் பாத எனக்கு முட்டி வலிக்கும்."

"குதிரைல உக்காந்துக்கங்க."

"குதிரைக்கு வலிக்கும்," என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

"நடைக்குப் பொம்பளப்பிள்ளைகளும் வருவாக. ஒரு பொம்பள தொணைக்கு இருந்தா அதுகளுக்குத் தைரியமா இருக்கும்ல?" என்றாள் ராமுத்தாய் மறுபடியும்.

"அதெல்லாம் அதுக தைரியமாத்தான் இருக்குதுக அக்கா. சீனியண்ணே, நீங்க சொல்லுங்க."

சீனிச்சாமி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "சரித்தா, சரித்தா. போகட்டும்."

ஜீப் போன பிறகு வீட்டுக்குள் வேறு காற்று அடித்தது. ராமுத்தாய் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அவரிடம் பேச வேண்டுமென்றால் அப்படித்தான். அவர் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவளுக்கு வாய் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

"என்னத்தச் சரிங்கிறீக? நான் இல்லாம எப்பிடிப் போவீக?"

"கண்ணு இருக்குல்ல? மூக்கு இருக்குல்ல? புல்லு மடிஞ்சு கெடக்கிறதப் பாத்தே எந்நேரம் போச்சுனு சொல்லுவேன்." தன் குரல் எவ்வளவு சத்தம் என்று அவருக்குத் தெரியாது, தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"மெதுவா. மெதுவாப் பேசுங்க."

"மெதுவாத்தான பேசுறேன்!"

"எட்டு உசுருங்க. அந்தப் பிள்ளகிட்ட உள்ளதச் சொல்லிருவோம். வேற வேல குடுக்கும். டெண்டு அடிக்கிறது, வெறகு எடுக்கிறது..."

"சொன்னா இந்த மலையில மிதிக்க விடமாட்டாக. சொல்லக் கூடாது. பாண்டியண்ணே, நீங்க சொல்லுங்க இவளுக்கு."

அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை. இந்தத் தடவை உண்மையிலேயே குரலைத் தணித்தார்.

"டீக்கடையில போய் உக்காந்தா எல்லாரும் சிரிக்கிறாக, எதுக்குனு தெரியல. நானும் சிரிக்கிறேன். அனுசுயா பிள்ள போன்ல தாத்தாங்குதாம். அதையும் நீதேன் சொல்ற. கல்யாண வீடு, எழவு வீடு, எல்லா எடத்துலயும் ஊமைக்கூத்துப் பாக்குற மாதிரி நிக்கிறேன். காட்டுக்குள்ளதேன் ஒருத்தனும் பேச மாட்டான். எல்லாவனும் வாயப் பொத்திக்கிட்டு நடக்கிறான். அங்கன நானும் அவனும் ஒண்ணுதேன். அதையும் விட்டுட்டு வான்னா நான் எங்க போக?"

ராமுத்தாய் தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். நான் அதைத் தடுத்திருக்க வேண்டும். குறுக்குப் பாதையும் நடைப் பாதையும் இரண்டு இடத்தில் ஒட்டிப் பிரியும். அந்த இரண்டு இடத்திலும் ராமுத்தாய் நின்று காது கொடுத்துக் கேட்டு, சத்தம் ஒன்றும் இல்லை என்றால் பாறை மேல் மூன்று கல்லை வரிசையாக வைத்துவிட்டுப் போவாள். கல் இருந்தால் போகலாம். கல் இல்லை என்றால் அவர் ஏதாவது சாக்குச் சொல்லி விருந்தாளிகளை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்.

இரண்டு முறை அது சரியாகவும் போனது. அதுதான் கேடு.

தை பிறந்து பத்து நாள். பனி நன்றாக இறங்கியிருந்தது. கூழாங்கல் ஓடையில் கூடாரத் துணியெல்லாம் நனைந்து, மடிக்கும்போது கை விறைத்தது. நனைந்த துணி இரண்டு மடங்கு கனம். கிட்டு என்கிற என் பழுப்புக் குதிரை பொதி ஏற்றியதும் வயிற்றை உப்பிக்கொள்ளும், வாரை இறுக்க விடாது. ஒரு குத்துக் குத்தினால்தான் மூச்சை விடும். அதற்குள் ராமுத்தாய் அடுப்புக் கல்லைக் கலைத்து நெருப்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு முன்னால் நடந்துவிட்டாள்.

முதல் இடத்தில் கல் வைத்தாள். இரண்டாவது இடம் சாய்ந்த பாறை. அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.

"என்னத்தா?"

"ஒண்ணுமில்ல போலருக்கு." மூன்று கல்லையும் வைத்தாள். நாலடி நடந்து திரும்பிப் பார்த்தாள். மறுபடி நடந்தாள்.

புல்மேட்டில் கூடாரம் நாலில் இரண்டு அடித்திருப்போம். வெயில் ஏறிப் பனி விலகிவிட்டது. ராமுத்தாய் மொச்சையை வேகப்போட்டு அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். களைந்த கை அப்படியே தண்ணீரில் நின்றது.

"அண்ணே, கேட்டுச்சா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குதிரைகள் மூன்றும் காதைக் கீழ்ச்சரிவுப் பக்கம் திருப்பி நின்றன.

"பெருசு," என்றாள். காட்டுக்குள் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள். "மூங்கில் முறியுது. சாஞ்ச பாறைக்கு இங்கிட்டு, ஓடைக்குள்ள. குட்டி ஒண்ணு கூட இருக்கு. சன்னமாக் கத்துது."

"நீ கல்லு வச்சிட்டு வந்தியே."

அவள் முகம் செத்துப்போய்விட்டது. "அப்ப இல்லண்ணே. சத்தியமா அப்ப இல்ல."

கூடாரத்தில் கிடந்த இன்னொரு வாக்கிடாக்கியை எடுத்து அழுத்தினேன். "சீனி, சீனி" என்றேன். கரகரவென்று இரைந்தது. யாரும் பேசவில்லை. அவர்தான் தன்னுடையதை எப்போதும் அணைத்து வைத்திருப்பாரே. நடைக்காரர்களில் வேறு யாரிடமும் ஒன்று கிடையாது. அங்கே இருந்த ஒன்றும் கேட்காத ஆளிடம், அதைப் பார்த்து நான் கத்திக்கொண்டிருந்தேன்.

நான் அதைக் கீழே வைப்பதற்குள் அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

"ஏய், தனியாப் போகாதத்தா! ராமுத்தாயி!"

கூடாரக்காரர்களிடம் குதிரையை ஒப்படைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். அறுபத்தேழு வயசில் அதற்குப் பேர் ஓட்டமில்லை. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லைப் பிடித்துச் சரிந்தும் உட்கார்ந்தும் இறங்கினாள். ஒரு மேட்டில் வந்து நின்றாள். நானும் போய்ச் சேர்ந்தேன்.

கீழே எல்லாம் தெரிந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு பள்ளம். எதிர்ச்சரிவில் சீனிச்சாமி முன்னால் வருகிறார். பதினைந்து இருபதடி பின்னால் எட்டுப் பேர் கோடு போட்ட மாதிரி. பாதை வளைகிற இடத்தில், மூங்கிலுக்குள், முதுகு மட்டும் தெரிகிறது. சாம்பல் நிறம். அது அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அசையாமல் நிற்பதுதான் மோசம். காற்று அவர் முதுகுப் பக்கமிருந்து வீசியது. அவருக்கு அதன் வாடை வராது, அதற்கு இவர்கள் வாடை போயிருக்கும்.

ராமுத்தாய் மடியில் கை விட்டு ஒரு கல்லை எடுத்தாள். கல் அந்தத் தூரம் போகாது. எடுத்த கையோடு நின்றாள்.

"ஓய்! நில்லுங்க! நில்லுங்க!"

பின்னால் வந்த எட்டுப் பேரும் நின்றார்கள். மேலே எங்களைப் பார்த்தார்கள். சீனிச்சாமி நடந்துகொண்டிருந்தார்.

"ஏங்க! இந்தாங்க! ஏங்க!"

நடந்துகொண்டிருந்தார். பின்னால் எட்டுப் பேரும் வருகிறார்கள் என்ற நினைப்பில் சாவகாசமாக, தரையைப் பார்த்துத் தடம் படித்துக்கொண்டு.

ராமுத்தாய்க்குக் கல்யாணமாகி முப்பத்தேழு வருசம். ரேசன் கடையில் புருசன் பேர் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஓட்டுச்சாவடியில் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். அவர் பேரில் பாதி வருகிறது என்று சர்க்கரையைக்கூடச் சீனி என்று சொல்ல மாட்டாள். 'இனிப்பு' என்பாள், எங்கள் தெருவில் பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி பண்ணும்.

அன்றைக்குச் சொன்னாள்.

"சீனிச்சாமீ!"

மலை அதைத் திருப்பிச் சொன்னது.

"சீனிச்சாமீ! ஏ சீனிச்சாமீ!"

கீழே எட்டுப் பேருக்கும் கேட்டது. மூங்கிலுக்குள் நின்றதற்கும் கேட்டது, காதை விரித்தது. மேலே புல்மேட்டில் கூடாரக்காரர்களுக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். அந்த மலையில் அவருக்கு மட்டும்தான் கேட்கவில்லை.

கேமரா மாட்டியிருந்த ஒரு தடிப் பையன் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தூரத்திலிருந்தே அது தெரிந்தது. ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தான். சீனிச்சாமி கோபமாகத் திரும்பினார். அவன் முகத்தைப் பார்த்தார். அவன் காட்டிய பக்கம் எங்களைப் பார்த்தார். ராமுத்தாய் இரண்டு கையாலும் மூங்கில் பக்கம் காட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடவில்லை, கத்தவில்லை. கையைத் தாழ்த்தி எல்லாரையும் குனிய வைத்து, தன் முகத்தை மூங்கில் பக்கமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னுக்கு நகர்த்தி, சாய்ந்த பாறைக்கு மேலே ஏற்றிவிட்டார். யானை ஒரு பாய்ச்சல் வந்தது. மூங்கில் படபடவென்று சாய்ந்தது. பாதையில் வந்து நின்று மண்ணை எத்திவிட்டுத் திரும்பிக் குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை.

மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. குழைந்துபோயிருந்தது. சூடாகத்தான் இருந்தது. யாரும் பேசவில்லை, யாரும் பேச வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

வெயில் சாயும்போது சீனிச்சாமி என்னிடம் வந்தார். ராமுத்தாய் தள்ளி ஊற்றங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கினாள்.

"அண்ணே, அவன் எதுக்கு என் சட்டையப் பிடிச்சான்? இவ கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"எப்பிடி? இந்தாங்கன்னா?"

"மொத அப்பிடித்தேன். பெறகு பேரச் சொன்னா."

அவர் என் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "யார் பேர?"

"உன் பேரத்தேன்."

"எம்புட்டுத் தடவ?"

"மூணு தடவ. எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

அவர் ஊற்றங்கரைப் பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"எப்பிடிண்ணே இருந்துச்சு?"

கேட்காதவனுக்கு ஒரு சத்தம் எப்படி இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது? "கெடா கத்துன மாதிரி இருந்துச்சு," என்றேன்.

சிரித்துவிட்டார். முகமெல்லாம் சிரித்தார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்பக்கம் போய்விட்டார்.

மூன்றாம் நாள் எஸ்டேட் ரோட்டில் ஜெபஷீலா ஜீப்போடு நின்றாள். விருந்தாளிகள் அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார்கள். அந்தத் தடிப் பையன் மட்டும் பேசவில்லை, சீனிச்சாமி பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பேசி முடித்து ஜெபஷீலா நேராக என்னிடம்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, நான் உங்ககிட்டக் கேட்டேன்ல? லாயத்துல வந்து, உங்க முகத்தப் பாத்துக் கேட்டேன்ல?"

"கேட்ட."

"ஒரு வார்த்த சொல்லிருந்தா அக்காவ அவுககூடவே விட்டிருப்பேனே! ஆறிப்போன சோத்தத் தின்னா செத்தா போயிருவாக?"

அதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சொன்னால் துரத்துவாள் என்றுதான் நினைத்தேன். முதலாளி என்றால் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டி வைத்திருந்தேன். மூன்று பேரும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

"இப்ப விடேன்," என்றேன்.

"இப்ப முடியாது அண்ணாச்சி. ஏழு பேர் எழுதிக் குடுத்திருக்காக. வனத்துறைக்கும் போகும். இனிமே அவுகள முன்னால விட்டா என் கம்பெனிய மூடச் சொல்லுவாக."

சீனிச்சாமி ஜீப்புக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஊருக்குள் செய்தி எங்களுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டது. தண்ணீர்க் குழாயில் அய்யம்மாள் பிடித்துக்கொண்டாள். "என்னடி, புருசன் பேரச் சொல்லி மல பூராம் கூப்பாடு போட்டியாம்ல? இனிமே எங்க வீட்ல வந்து சீனி கேப்பியா, இனிப்பு கேப்பியா?"

"கேக்க வேண்டியவுகளத் தவிர எல்லாருக்கும் கேட்டுருச்சுக்கா," என்றாள் ராமுத்தாய். குடம் நிறையாமலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சீனிச்சாமி அவளைத் திட்டவில்லை. அடிக்கவில்லை. முகம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். அவள் எதிரே போய் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டார். நாள் முழுக்க அவள் அவரிடம் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது. நான் போனால் என் முகத்தைப் பார்ப்பார். "மழை பேஞ்சதா மேல?" என்று கேட்பார். சொன்னால் தலையாட்டுவார். ஒன்பது நாள் அப்படி.

பத்தாம் நாள் ஜெபஷீலா ஆள் அனுப்பினாள். சின்னமனூரிலிருந்து முத்துராஜா என்று ஒரு பையனைக் கைடாக எடுத்திருக்கிறாள். நல்ல பையன்தான், ஆனால் தொண்டையைக் கனைத்துக்கொண்டே நடப்பான். ராமுத்தாய் சமைக்க வர வேண்டுமாம். அவள் மாட்டேன் என்றாள். சீனிச்சாமி அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"போ," என்றார்.

"நீங்க?"

"போன்னா போ. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இங்கன உக்காந்திருந்தா பைத்தியம்தேன் பிடிக்கும்."

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாசி மாதம் மறுபடி ஏறினோம். கூழாங்கல் ஓடையில் ராத்திரி தங்கி, காலையில் கூடாரம் பிரித்துக் குறுக்குப் பாதையில் போனோம். பனி இல்லை. இலை காய்ந்து கால் பட்டால் நொறுங்கியது. ராமுத்தாய் என் குதிரைக்கு முன்னால் நடந்தாள்.

பாதி ஏற்றத்தில் நின்றாள். நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். குதிரைகள் நின்றன.

"என்னத்தா?"

அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "கீழ ஓடையில ரெண்டு மந்தி. ஒண்ணு இன்னொண்ண வெரட்டுது." கொஞ்ச நேரம். "அங்கிட்டு, மரங்கொத்தி. பட்டுப்போன மரமா இருக்கும், சத்தம் டொக்குன்னு இருக்கு." இன்னும் கொஞ்ச நேரம். "ரொம்பத் தூரத்துல முத்துராஜா கனைக்கிறான்."

"பெருசு ஏதும்?"

"இல்ல. ஒண்ணுமில்ல."

"அப்ப நட. குழம்பு வைக்கணும்ல?"

அவள் நகரவில்லை.

"எல்லாம் கேக்குதுண்ணே," என்றாள். "ஒண்ணுவிடாமக் கேக்குது."

"கேட்டா நல்லதுதான?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏதோ வேற்று ஊர்க்காரன் மாதிரி பார்த்தாள்.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

நான் குதிரையைத் தட்டி முன்னால் ஓட்டினேன். வளைவில் திரும்பிப் பார்த்தபோதும் அவள் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள்.